சொன்னதும் இருந்ததும்

எங்கள் ரிப்பேர் கடைக்கு வரும் எந்தப் பொருளும் கழுத்தில் ஓர் அட்டையோடுதான் உள்ளே போகும். பழைய சட்டைப் பெட்டிகளைக் கத்தரித்து அண்ணியே செய்த அட்டைகள் அவை. மிக்ஸி என்றால் கைப்பிடியில், மின்விசிறி என்றால் தண்டில், இஸ்திரிப் பெட்டி என்றால் வயரில் நூல் போட்டுக் கட்டிவிடுவார். ஒவ்வொன்றிலும் இரண்டே வரி. மேலே 'சொன்னது', கீழே 'இருந்தது'. கொண்டுவந்தவர் என்ன கோளாறு என்கிறாரோ அதை அவர் வாயில் வந்தபடியே மேல் வரியில் எழுதுவார். கீழ் வரி, பொருளைத் திறந்து பார்த்த பிறகுதான்.

'சொன்னது: காயில் எரிஞ்சு நாத்தம் வருது. இருந்தது: உள்ளே பல்லி.'

'சொன்னது: மாமியார் கீழே போட்டு உடைச்சிட்டாங்க. இருந்தது: கார்பன் தேய்ந்துவிட்டது. மாமியார் மேல் தப்பில்லை.' இந்த அட்டையை அந்த மாமியாரே நேரில் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.

கடை என் அண்ணனுடையது. வாசலில் நின்று பேசுவது அவன் வேலை. அவன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அண்ணி. கல்யாணத்துக்கு முன்னால் மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் அந்த வேலைதான் பார்த்தார். அண்ணனின் தடித்த விரலுக்கு அது வராது, பொறுமையும் கிடையாது. தெருவில் அண்ணிக்குப் பெயரே 'காயில் அக்கா'தான். நான் மாடியில் அம்மாவோடு இருப்பவள். பகலில் கீழே வந்து பொருள்களைத் துடைத்து வைப்பேன். வாடிக்கையாளர் யாராவது என்னிடம் பேச்சுக் கொடுத்தால் துடைத்ததையே மறுபடி துடைப்பேன்.

கடைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைக் குப்பையில் போட மாட்டோம். காகிதப் பையில் போட்டு உடையவர் கையில் கொடுத்துவிடுவோம். "கழட்டுனது அவங்க பொருள். நாம நிஜமாவே மாத்தினோமான்னு அவங்க பாக்கணும்ல" என்பார் அண்ணி. உடையவர் வரும்வரை அவை காத்திருக்க ஓர் அலமாரி இருக்கிறது. அதற்குப் பெயர் பழசு அலமாரி.

அண்ணிக்கு மாதாமாதம் வலி வரும். வந்தால் ஸ்டூலில் ஒரு காலைத் தூக்கிக் குத்துக்காலிட்டு, முழங்காலை வயிற்றோடு அழுத்திக்கொண்டு கம்பி சுற்றுவார். உதடு வெளுத்துப் போயிருக்கும். கை மட்டும் நிற்காது. பிற்பாடு அந்த ஒரு காலை மடக்குவது வலியில்லாத நாளிலும் பழக்கமாகிவிட்டது.

அண்ணியின் வலிக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். "உடம்புச் சூடுதான். நாள் முழுக்கக் கம்பியோட கட்டிக்கிட்டு அழுதா சூடு ஏறாம என்ன பண்ணும்?" என்பது அம்மா. மருந்துக் கடைக்காரர் பலவீனம் என்று சொல்லி டானிக் கொடுத்தார். இந்த வயதில் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று ஒரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினார். பெரியம்மா ஒருமுறை வந்தபோது, அண்ணி காதில் விழட்டும் என்றே, "சமையக்கட்டுக்கு வர்றப்ப மட்டும் வலிக்குது போல" என்றாள். அண்ணன் ஸ்டூலைக் குறை சொன்னான். "உயரம் சரியில்லடி, அதான் இடுப்பைப் பிடிக்குது" என்று புது ஸ்டூல் வாங்கினான். அப்புறம் அதற்கு ஒரு மெத்தை. அப்புறம் அதைவிடக் கொஞ்சம் குட்டையாக இன்னொரு ஸ்டூல்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது மாதிரி.

ஒருநாள் அவர் ஸ்டூலை விட்டு எழுந்தபோது மெத்தை முழுக்க ரத்தம். வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தான். பேச்சை நிறுத்தினான். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் குழாயடியில் கழுவினான். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நானும் துணைக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிற மாதிரித் தெரிகிறது என்றார். உள்ளிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சில செல் பாக்கச் சரியில்ல. கேன்சர்னு சொல்ல மாட்டேன். இல்லன்னும் சொல்ல மாட்டேன். கர்ப்பப்பையை எடுத்துட்டு முழுசா லேப்ல பாத்தாதான் தெரியும்."

"அப்போ நீங்க இப்பச் சொல்றது?" என்று கேட்டார் அண்ணி.

"என்னோட சந்தேகம். நாங்க முன்னாடி நினைக்கிறதும் லேப்ல பின்னாடி தெரியறதும் பல நேரம் ஒத்துப்போகும். சில நேரம் போகாது."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணியோ தெளிந்த மாதிரி இருந்தார். பஸ்ஸில் என் காதோரம், "திறந்து பாக்காம சத்தியம் பண்ணாத ஆளு. இவங்களை நம்பலாம்" என்றார்.

அறுவை சிகிச்சை அன்று காலையில், பச்சை உடுப்பு மாட்டித் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்ட பிறகும் டாக்டரம்மாவை விடவில்லை. "கழட்டுனதை எனக்குக் காட்டுவீங்கல்ல?"

"நீங்க மயக்கத்துல இருப்பீங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுவோம்."

"என்னங்க, நல்லாப் பாத்து வைங்க. எந்திரிச்சதும் நான் கேப்பேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

நானும் அம்மாவும் வார்டில் கட்டிலுக்குக் காவல் இருந்தோம். அண்ணன் தியேட்டர் வாசலில் நின்றான். வெளியே நடந்ததை அப்புறம்தான் கோத்துப் புரிந்துகொண்டேன். நர்ஸ் ஒரு தட்டில் வைத்துக் காட்டியிருக்கிறார். ஆயிரம் மோட்டாரைப் பிரித்துப் போட்டவன், அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான். நர்ஸ் அதை அகல வாய் டப்பாவில் மருந்துத் தண்ணீரோடு போட்டு மூடி, ஒரு சீட்டையும் கொடுத்து, பின் கட்டிடத்து லேபில் சேர்த்து ரசீது வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். தலை கிறுகிறுத்து நின்றவனுக்கு அதில் ஒரு சொல்கூட ஏறவில்லை. கழற்றியதை உடையவர் கையில் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் அவன் அறிந்தது. அவன் பிழைப்பில் அதுதானே முறை!

மறுநாள் காலையில் டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். அண்ணி கண் விழித்துச் சாய்ந்து படுத்திருந்தார்.

"லேப் ரசீதைக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

"என்ன ரசீது டாக்டர்?" என்றான் அண்ணன்.

"டப்பாவைக் குடுத்தீங்கல்ல, அதுக்கு."

"குடுக்கணுமா? நான் பத்திரமாக் கடையில வச்சிருக்கேனே. பழசு அலமாரியில."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். "மூடியைத் திறந்தீங்களா? உள்ள இருக்கிற தண்ணியைக் கொட்டினீங்களா?"

"ஐயோ, தொடவே இல்ல டாக்டர்."

"சரி, உடனே கொண்டுபோய்க் குடுங்க. நல்லா இருக்கான்னு அவங்க பாத்துதான் சொல்லணும்."

"கெட்டுப்போயிருந்தா?" இது அண்ணி.

டாக்டரம்மா மழுப்பவில்லை. "கெட்டுப்போயிருந்தா என்ன இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாமப் போயிடும். சந்தேகத்தை வச்சுக்கிட்டே காலம் தள்ளணும்."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அண்ணனையே பார்த்தார்.

"பழசு அலமாரியிலயா? தேஞ்ச பேரிங்குக்குப் பக்கத்துலயா?"

"மேல் தட்டுல. தனியா."

"அட்டை?"

"கட்டியிருக்கேன்" என்றான் அவன், தரையைப் பார்த்து.

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே தையலைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்களேன், உசுரு போகுது" என்றார். சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் இறங்கியது. அது வலியால் மட்டும் வந்ததல்ல என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணன் சாவியை எடுத்தான். எடுக்கும்போதே இரண்டு முறை கீழே போட்டான். இந்தக் கையில் டப்பாவைக் கொடுத்தால் வழியிலேயே போட்டு உடைப்பான். "நான் போறேன்" என்ற குரல் கேட்டது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது என் குரல் என்று உறைத்தது.

"வாயில்லாப் பூச்சி பேசிடுச்சு" என்று அண்ணி சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார். "ஓடு."

கடையைத் திறந்து ஸ்டூல் போட்டு ஏறினேன். மேல் தட்டில் அண்ணனின் துண்டு சுற்றிய டப்பா, அதன் அடியில் நர்ஸ் கொடுத்த சீட்டு. வெயில் படாத மூலையாகப் பார்த்து வைத்திருந்தான். ஆட்டோவில் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனேன். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம், "பொறுமையாப் போங்கண்ணா" என்றேன். மூன்றாவது முறை சொன்னதும் ஆட்டோக்காரர், "உள்ள என்னம்மா, உசுரோட மீனா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

பின் கட்டிடத்துக்குள் நுழைந்ததும் மருந்து நெடி கண்ணைக் கரித்தது. நீளமான மேசை, அதன்மேல் வரிசையாக மூடி போட்ட டப்பாக்கள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். லேப் டாக்டர். சீட்டைப் படித்துவிட்டு, "நேத்தே வந்திருக்கணுமே?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. ஆனாலும் அவர் புரிந்துகொண்டார். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா அங்கேயே நடுவுல கீறித்தான் போட்டிருக்காங்க. மருந்து உள்ள வரைக்கும் போயிருக்கு. நல்லா இருக்கு."

"கெடலையா?"

"இந்த மருந்துல போட்டா கெடாதும்மா. வெறும் தண்ணியில போட்டிருந்தாதான் வம்பு. நாங்களே ஒரு நாள் ஊறவச்சுட்டுத்தான் தொடுவோம். உங்க அலமாரியில ஊறினா என்ன, எங்க அலமாரியில ஊறினா என்ன?"

பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. யாரையும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் டப்பாவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அண்ணனின் கோணல் எழுத்து. 'சொன்னது: கட்டி. கேன்சர் சந்தேகம். இருந்தது:' அதற்கப்புறம் வெறுமை.

"இது என்ன?"

கடை வழக்கத்தைச் சொன்னேன். மாமியார் அட்டையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரித்தார். அப்புறம், "நானும் டாக்டரம்மாவும் மாசக் கடைசியில உக்காந்து இதையேதான் பண்றோம். ஆபரேஷனுக்கு முன்னாடி அவங்க நினைச்சது ஒரு பக்கம், அப்புறம் நான் பாத்தது ஒரு பக்கம். ஒவ்வொண்ணா ஒத்துப் பாப்போம்" என்றார்.

"ஒத்துப்போகுமா சார்?"

"நிறையப் போகும். போகாத அன்னைக்கு ரெண்டு பேரோட டீயும் ஆறிப்போயிடும், அவ்வளவு பேச்சு." அட்டையை அவிழ்த்துச் சீட்டோடு சேர்த்துப் பின் குத்தினார். "இது இங்கயே இருக்கட்டும்."

ரசீதை அண்ணியிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணி மாடியில் படுத்தபடி கீழே கடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் படிக்கட்டில் நின்று, "இந்த ஃபேன் கரகரங்குது, கேக்குதா? புஷ் தேஞ்சிருக்கா, காயிலா?" என்று கத்துவான். "திறந்து பாக்காம சொல்ல மாட்டேன்" என்று இவர் சொல்வார். அம்மா கஞ்சியோடு வந்து, "சூடு தணியட்டும், குடி" என்பாள். "சூடா இருந்தா லேப்லயே எழுதி வந்துடும் அத்தை" என்று சிரிப்பார்.

ஒரு மத்தியானம் நான் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மா தூங்கிவிட்டாள்.

"பயமா இருக்கா அண்ணி?"

"இருக்கு" என்றார். "கேன்சர்னு வந்தா பயம்தான். ஆனா அது இல்லாம இன்னொரு பயமும் இருக்கு. ஒண்ணுமே இல்லன்னு வந்துட்டா?"

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா இத்தனை வருஷம் வலிச்சதே, அது என்ன? பக்கத்துத் தெரு டைலரம்மாவுக்கும் கர்ப்பப்பையை எடுத்தாங்கள்ல. லேப்ல பாத்துட்டு எல்லாம் நார்மல்னு எழுதிட்டாங்களாம். அன்னையில இருந்து அவங்க வீட்டுல அவங்க தலைவலின்னு சொன்னாக்கூட ஒருத்தரும் நம்புறதில்ல."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாரினேன்.

லேப் முடிவு வந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். நால்வரும் போனோம். டாக்டரம்மா அறையில் மூன்று நாற்காலிதான். நான் கதவோரம் நின்றுகொண்டேன். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. மூவரும் உட்காருவதற்குள்ளாகவே, "கேன்சர் இல்ல" என்றார்.

அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். துண்டுக்குள் என்ன நடக்கிறதென்று எல்லாருக்கும் தெரிந்தது. அம்மா யாரைப் பார்த்து என்றில்லாமல் கைகூப்பினாள்.

அண்ணி மட்டும் அசையவில்லை. "சரிங்க டாக்டர். அப்போ என்ன இருந்தது?"

டாக்டரம்மா அவரை நேராகப் பார்த்தார். "சந்தேகப்பட்ட செல் இருந்துச்சே, அது உள்ள ஒரு சின்ன சதை வளர்ச்சியில மட்டும்தான் இருந்திருக்கு. அதைத் தாண்டிப் போகல. முழுசா வெளிய வந்தாச்சு. கட்டின்னு நான் நினைச்சது கட்டியே இல்ல. அந்த இடத்துல என் கணக்குத் தப்பு." ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். "கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு தோல் மாதிரி இருக்கும். அது உள்ளேயே நிக்கணும். உங்களுக்கு அது சதைச் சுவருக்குள்ள புகுந்து வளர்ந்திருக்கு. மாசாமாசம் அந்தச் சுவருக்குள்ளயே கசிஞ்சு, வெளிய வர வழியில்லாம வீங்கும். சுவரே தடிச்சுப்போயிடுச்சு. அதுதான் ஸ்கேன்ல கட்டி மாதிரித் தெரிஞ்சது. அடினோமயோசிஸ்னு பேரு."

"கம்பி மேல இருக்கிற பூச்சு உரிஞ்சு காயிலுக்குள்ள கசியற மாதிரியா?" என்று கேட்டார் அண்ணி.

"எனக்குக் காயில் தெரியாதும்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"இது வலிக்குமா டாக்டர்?"

"வலிக்குமாவா? இதை வச்சுக்கிட்டு எப்படி உக்காந்து வேலை பாத்தீங்கன்னுதான் எனக்குப் புரியல."

அண்ணி அழுதார். கேன்சர் இல்லை என்றபோது அழாதவர், இப்போது குலுங்கிக் குலுங்கி அழுதார். தையலைப் பிடித்துக்கொள்ளவும் மறந்துவிட்டார். அதை அம்மாதான் பிடித்துக்கொண்டாள். மருமகள் வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "நான் சூடு சூடுன்னேனே, நான் சூடுன்னேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"விடுங்க அத்தை. நீங்க என்ன திறந்தா பாத்தீங்க?" என்றார் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கிளம்பும்போது டாக்டரம்மா ஓர் உறையைக் கொடுத்தார். லேபிலிருந்து வந்ததாம். உள்ளே எங்கள் அட்டை. கீழ் வரியில் பொடி எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. அண்ணி சத்தமாகப் படித்தார்.

"இருந்தது: புற்று இல்லை. கட்டி இல்லை. அடினோமயோசிஸ். நன்றாக வலித்திருக்கும். பழைய பாகத்தைத் திருப்பித் தர இயலாது, மன்னிக்கவும்."

நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அண்ணன் சிரித்தான். அழுகையும் சிரிப்பும் கலந்த அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த அட்டை இப்போது கம்பி சுற்றும் இடத்துக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. பெரியம்மா ஒருநாள் வந்து அதைப் படித்தாள், குடித்த காபி டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். பக்கத்துத் தெரு டைலரம்மா வந்தபோது அண்ணி அவரை உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. டைலரம்மா போகும்போது டாக்டரம்மாவின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனதை மட்டும் பார்த்தேன்.

அண்ணி மறுபடி வேலைக்கு உட்கார்ந்த முதல் நாள், பழக்கத்தில் ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் மடக்கினார். கொஞ்ச நேரம் கம்பி சுற்றினார். அப்புறம் கை நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தார், அது யாருடைய கால் என்பதுபோல. மெல்ல இறக்கித் தரையில் வைத்தார். இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில். மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

வாசலிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"அப்போ ஸ்டூல் மேல தப்பில்ல" என்றான்.

"இல்ல" என்றார் அண்ணி. "அந்தப் பழைய ஸ்டூலை எங்க போட்டீங்க? அதுதான் உயரம் நல்லா இருந்துச்சு."